பெயிண்டில் எழுதச் சொன்ன மகனுக்கு

ஐயா,

நான் நலம், நீ நலமா என்று ஆரம்பிக்கிற மனநிலையில் இப்போது நான் இல்லை. உன் கல்யாணப் பத்திரிகையின் முதல் பிரதியை அச்சகத்திலிருந்து வாங்கி, பிழை பார்க்கச் சொல்லி, செம்பூரிலிருந்து ஆள் மூலம் கொடுத்தனுப்பியிருக்கிறாய். பிழை ஒன்றும் இல்லை. என் பெயரும் உன் செத்துப்போன அம்மாவின் பெயரும் சரியாகத்தான் இருக்கின்றன. பிழையெல்லாம் பத்திரிகைக்குள் நீ மடித்து வைத்திருந்த துண்டுச் சீட்டில் இருக்கிறது. "அப்பா, அஞ்சாவது பேரை வேணும்னா அடியில பெயிண்ட்ல எழுதிடுங்க. யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாம முடிஞ்சிடும். சண்டே கல்லை ஏத்த லாரி வரும்." இவ்வளவுதான் எழுதியிருக்கிறாய்.

தாராவியிலிருந்து செம்பூர் என்ன கடல் கடந்தா இருக்கிறது, நேரில் வந்து பேசியிருக்கலாமே என்று நீ கேட்பாய். நேரில் பேசினால் நான் கத்துவேன், நீ கைக்கடிகாரத்தைப் பார்ப்பாய், பாதியில் இந்திக்குத் தாவி "சோடோ நா அப்பா", விட்டுத் தள்ளுங்கள் என்று எழுந்து போய்விடுவாய். காகிதம் எழுந்து போகாது. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். நல்லதுதான், மெதுவாகப் படி. ஒவ்வொரு எழுத்தாக வெட்டி வயிறு வளர்த்தவன் நான். ஒவ்வொரு எழுத்தாக நீ படித்தால் குறைந்து போகமாட்டாய்.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் நீ அதை வசதிக்குத் தகுந்தபடி மறந்துவிட்டாய். சீனாக்காரன் சண்டையிலும் அதற்கப்புறம் வந்த பாகிஸ்தான் சண்டையிலும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஐந்து பேர் செத்தார்கள். அவர்களுக்கு ஊரில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு நினைவுக்கல் வைக்க வேண்டும் என்று இங்கே இருக்கிற நம் ஊர்ச் சங்கம் முடிவெடுத்தது. தலைவர் அண்ணாச்சி, அதாவது உனக்கு மாமனாராக வரப்போகிறவர், கல்லைப் பம்பாயிலேயே வெட்டி ரயிலில் அனுப்பலாம் என்றார். நம் ஊர் ஒரு பாறையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஊருக்கு ஆயிரம் மைல் தாண்டி இங்கேயிருந்து கல் போகிறது. கேட்டால், "பம்பாய்லேருந்து சலவைக்கல்லு வந்து எறங்குச்சுன்னா அது ஒரு கெத்துல்லா வே" என்றார். கல்லறைக்குக் கல் வெட்டுகிற பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக எழுத்து வெட்டுகிறவன் நான் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்று என்னிடம் வந்தார்கள். நானும் சந்தோஷமாகத்தான் ஒத்துக்கொண்டேன். இங்கிலீஷிலும் மராத்தியிலும் உருதுவிலும், எனக்கு வாசிக்கத் தெரியாத எத்தனையோ பேரின் பெயர்களை வெட்டியிருக்கிறேன். ஒருமுறையாவது தெரிந்த பிள்ளைகளின் பெயரைத் தமிழில் வெட்டப்போகிறோம் என்று நினைத்தேன்.

பழுப்புக் காகிதத்தில் நான் போட்டுக் கொடுத்த முதல் படம் உனக்கு நினைவிருக்கும். மேலே ஒன்றுமில்லை, கீழே ஒன்றுமில்லை. நடுவில் ஐந்து பெயர்கள், ஒரு கை விரிப்பளவு இடைவெளி விட்டு ஐந்து வரி. அவ்வளவுதான். சங்கத்தில் அதைப் பார்த்து, சோறு மட்டும் போட்டு குழம்பு ஊற்றாத இலையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். ஒருவர் தலைகீழாக நிற்கிற துப்பாக்கியும் அதன் மேல் இரும்புத் தொப்பியும் வேண்டும் என்றார். ஒருவர் சிங்கம் வேண்டும் என்றார். இன்னொருவர் தாமரை. எல்லாவற்றையும் சேர்த்தால் செத்தவர்களுக்கு இடம் இருக்காது என்றேன். "செத்தவங்களைக் கொஞ்சம் சின்னதாப் போடும்" என்றார் தலைவர், கொஞ்சமும் கூசாமல். கடைசியில் துப்பாக்கியும் தொப்பியும் மேலே வந்தன. "உபயம்" என்று கீழே சங்கத்துக்காரர்கள் இருபத்தெட்டுப் பேரின் பெயர்கள் வந்தன. நம் ஆட்கள் சங்கத்துத் தண்ணீர்ப் பானையின் மூடியில்கூடத் தங்கள் பெயரைப் பொறித்துக்கொண்டவர்கள், இதை விடுவார்களா? தலைவர் பெயர் இரண்டு விரல் உயரம். குண்டடி பட்டுச் செத்தவர்கள் பெயர் ஒரு விரல் உயரம். நான் வாயைத் திறக்கவில்லை. சம்பந்தி ஆகப்போகிறவர் என்று பார்த்தேன். அது என் முதல் தப்பு.

இரண்டாவது தப்பு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நீ சங்கத்துக்குச் செயலாளர், இங்கிலீஷ் படித்தவன், பட்டியல் உன் கையில் இருந்தது. என் படத்தை மேஜையில் விரித்து, ஐந்தாவது வரியில் இசக்கிமுத்து என்று இருந்த பெயரைச் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டு அடித்தாய். மற்ற நாலு பேரும் துப்பாக்கி பிடித்தவர்கள், இவன் பட்டாளத்தில் முடி வெட்டப் போனவன் என்றார்கள். "முடி வெட்டுனவனையும் வீரன்னு கல்லுல எழுதுனா ஊர்ல சிரிப்பான் ஓய்" என்றார் தலைவர். "அவன் செத்தது குண்டு பட்டுத்தானே அண்ணாச்சி?" என்று நான் கேட்டேன். அதற்குப் பதில் சொன்னவன் நீ. "நான்-காம்பாட்டண்ட், சண்டை போடாத ஆளுன்னு பேப்பர்ல இருக்குப்பா. ரூல்படி பார்த்தா அவர் சோல்ஜர் கிடையாது." அந்த இங்கிலீஷ் வார்த்தையை நீ சொன்ன சுத்தத்தைப் பார்த்து அங்கிருந்தவர்கள் தலையாட்டினார்கள். உன்னைப் படிக்க வைத்தவன் நான்தான் என்று அந்த நேரம் எனக்கு ரொம்ப அவமானமாக இருந்தது.

ஏனென்றால் அந்தப் பேப்பரை முதலில் படித்தவனே நீதான். மறந்துவிட்டாயா? பட்டாளத்திலிருந்து வந்த இங்கிலீஷ் கடிதத்தை எடுத்துக்கொண்டு இசக்கிமுத்துவின் அப்பா மாடசாமி நம் வீட்டுக்குத்தான் வந்தார். தாராவி சந்தில் நாற்காலியும் கண்ணாடியும் வைத்து நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் சவரம் செய்கிறவருக்கு வேறு யார் படித்துச் சொல்வார்கள்? நீ நின்றபடியே படித்து, தமிழும் இந்தியுமாகச் சொன்னாய். சண்டை வந்துவிட்டால் முடி வெட்டுகிறவர்கள்தான் அடிபட்டவர்களைத் தூக்குகிற ஆட்கள், இசக்கிமுத்து இரண்டு பேரை முதுகில் போட்டுக் கீழே கொண்டுவந்து சேர்த்தான், மூன்றாவது ஆளைத் தூக்க மறுபடி மேலே போனான், திரும்பி வரவில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு நீ அழுதாய். மாடசாமி அழவில்லை. "மூணாவது ஆளு என்ன ஆனாரு தம்பி?" என்று கேட்டார். கடிதத்தில் அது இல்லை என்றாய். அன்றைக்கு என் மகனை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பையன்தான் பின்னால் சிவப்புப் பென்சிலை எடுத்தான்.

அவருக்கு நாம் என்ன செய்தோம் என்பதையும் எழுதிவிடுகிறேன். மற்ற நாலு பேரில் ஒருவருக்கும் உடம்பு வந்து சேரவில்லை. நாலு வீட்டுக்காரர்களும் இங்கேயே மாகிம் உப்பங்கழி ஓரத்தில் பதினாறாம் நாள் காரியம் செய்தார்கள். நாலு பேருக்கும் சங்கு ஊதியது மாடசாமி. செத்தவன் உடம்பு இல்லாமல், ஒரு போட்டோவுக்கு முன்னால் நின்று ஊதினார். அவர் மகனுக்குக் காரியம் நடந்தபோது சங்கு ஊத ஆள் இல்லை. அந்த வேலையைச் செய்கிறவர் அவர் ஒருவர்தான். மகன் போட்டோவுக்கு முன்னால் அவரே நின்று அவரே ஊதினார். சங்கத்துக்காரர்கள் எத்தனை பேர் வந்தார்கள்? நான், நீ, அம்மா. உன் அம்மாதான் நம் இருவரையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்று முனகிக்கொண்டே வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதைக் கேள். இந்த ஊரில் மராட்டிக்காரர்கள் நம்மை லுங்கிவாலா, வெளியே போ என்று கத்துகிறார்கள். போன மாதம் மாட்டுங்காவில் ஒரு தமிழ்ப் போர்டைக் கல்லெறிந்து உடைத்தார்கள். நாட்டுக்கு நாங்களும் உயிர் கொடுத்திருக்கிறோம், எங்களை எப்படி வெளியே போகச் சொல்லலாம் என்று உன் மாமனார் சங்கத்தில் மேஜையைத் தட்டிப் பேசினார். எல்லோரும் கைதட்டினோம். நாட்டுக்கு உயிர் கொடுத்த அந்த ஐந்து பேரில் ஒருவனை அதே மேஜையில், அதே மூச்சில், வெளியே போகச் சொன்னோம். மராட்டிக்காரன் நம்மைப் பார்த்துச் சொல்வதற்கும் நாம் மாடசாமியைப் பார்த்துச் சொன்னதற்கும் என்ன வித்தியாசம் என்று நீயே சொல். படித்தவன் நீ. எந்த ரூல்படி என்றும் சொல்.

என் தப்புக்கு வருகிறேன். அவர்கள் அடித்த பெயரை நான் விட்டுவிட்டது மட்டும் இல்லை. எழுத்து வெட்டுகிறவனுக்கு ஒரு வழி உண்டு. மனசு ஒப்பவில்லை என்றால் நாலு வரியையும் கொஞ்சம் மேலே ஏற்றி, அடியில் ஒரு வரிக்கு இடம் விட்டு வைக்கலாம். பின்னால் யாருக்காவது புத்தி வந்தால் வெட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். கல்லறைக் கல்லில் புருஷன் பெயருக்குக் கீழே பெண்டாட்டிக்காக அப்படி இடம் விடுவது வழக்கம்தான். நான் அந்த இடத்தைக்கூட விடவில்லை. நாலு வரியையும் பரத்தி, ஐந்தாவது ஒன்று எப்போதுமே இல்லாத மாதிரி, கண்ணுக்கு அழகாக நிரப்பினேன். அவ்வளவு சாமர்த்தியம் எனக்கு. பார்த்தவர்கள் எல்லாம் மேஸ்திரி கையே கை என்றார்கள்.

எழுத்து வெட்டி முடிந்த அன்று மாடசாமி பட்டறைக்கு வந்தார். கல் திறக்கும்போது ஊருக்குப் போக அவரும் டிக்கெட் எடுத்திருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கல்லைத் தொடலாமா என்று கேட்டார். தொடுங்கள் என்றேன். "இதுல நம்ம பய பேரு எது மேஸ்திரி?" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் விரலைப் பிடித்து நாலாவது வரியில் வைத்தேன். அது தங்கப்பாண்டியின் பெயர். "இதுதான்" என்றேன். அவர் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை விரலால் தடவி, பிறகு அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் தலையைத் திருப்பிக்கொண்டு உளியைத் தேடுகிற மாதிரி நின்றேன். என் ஐம்பத்தெட்டு வயதில் இதைவிடக் கேவலமான ஒரு காரியத்தை நான் செய்ததில்லை. ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை எவனாவது உரக்கப் படிக்கப்போகிறான், அப்போது அவருக்குத் தெரியப்போகிறது, அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அவர் நிற்கப்போகிறார் என்று அன்றிரவே எனக்கு உறைத்தது.

அதனால்தான் உனக்கு ஆள் அனுப்பினேன். தலைவரிடம் பேசு, ஐந்தாவது பெயரை வெட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல் என்று கேட்டேன். அதற்கு நீ எழுதிய பதில்தான் பெயிண்ட். கல்லில் இருபத்தெட்டுப் பேர் உபயம் என்று உளியால் வெட்டப்பட்டு, வெட்டிய குழியில் ஈயம் ஊற்றி நிற்பார்கள், செத்தவன் அடியில் பெயிண்டில் இருப்பான். ஐப்பசி மழை ஒன்று, அடுத்த வருஷ ஐப்பசி மழை ஒன்று. அப்புறம் அவன் இருக்கமாட்டான். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் விவரம் தெரியாமல் சொல்கிறார்கள் என்று விட்டிருப்பேன். நீ எழுத்து வெட்டுகிறவன் மகன். பெயிண்ட் எத்தனை நாள் நிற்கும் என்று தெரிந்துதான் சொன்னாய்.

உனக்கு ஏழு எட்டு வயது இருக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கிறிஸ்தவ வீட்டுப் பெண் குழந்தையின் கல்லில் பெயரைத் தப்பாக வெட்டிவிட்டேன். ஒரு எழுத்து அதிகம். புதுக் கல் வாங்கச் சோம்பல், முதலாளியிடம் சொல்லப் பயம். சலவைக்கல் பொடியையும் பசையையும் குழைத்து அந்த எழுத்தை அடைத்து, மேலே தேய்த்து, கொடுத்துவிட்டேன். முதல் மழையில் அடைத்தது கரைந்து பழைய எழுத்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அந்தத் தாய் நம் குடிசைக்கே வந்தாள். சண்டை போடவில்லை. "பேரையாவது சரியா எழுதியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னாள். உன் அம்மா அன்றைக்கு எனக்குச் சோறு போடவில்லை. "போயி அந்தக் கல்லை இழைச்சு புதுசா வெட்டிட்டு வாங்க, அப்பறம் திங்கலாம்" என்றாள். மூன்று நாள் அந்தக் கல்லின் முகம் முழுவதையும் அரை விரல் ஆழத்துக்கு இழைத்து எடுத்து, வழுவழுப்பாக்கி, மறுபடியும் வெட்டினேன். கல்லில் தப்பு செய்தால் அதற்கு அந்த ஒரு வழிதான் இருக்கிறது, முழு முகத்தையும் எடுக்க வேண்டும். நீ பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினாய். அதையும் மறந்துவிட்டாய் போலிருக்கிறது.

இப்போது நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். உன் சீட்டு நேற்றுத்தான் வந்தது. அது என்ன சொல்லும் என்று நான் காத்திருக்கவில்லை. உனக்கு ஆள் அனுப்பிய மறுநாளே கல்லைப் படுக்கப் போட்டுவிட்டேன். துப்பாக்கி, தொப்பி, நாலு பெயர், இருபத்தெட்டு உபயம், இரண்டு விரல் உயரத் தலைவர், எல்லாவற்றையும் உளியால் கொத்தி, மணலும் தண்ணீரும் போட்டுச் சாணைக்கல்லால் தேய்த்து எடுத்தாயிற்று. ஆறு நாள் ஆனது. என் வலது தோள் இப்போது தூக்க வரவில்லை, இந்தக் கடிதத்தில் எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். கல் கொஞ்சம் மெலிந்திருக்கிறது, அதனால் ஒன்றும் இல்லை. என் முதல் படத்தில் இருந்தபடியே ஐந்து வரி வெட்டி ஈயமும் ஊற்றிவிட்டேன். வேறு ஒன்றும் அதில் இல்லை. உபயக்காரர்களுக்கு வேண்டுமானால் பெயிண்டில் ஒரு பலகை எழுதி ஆணியில் மாட்டிக்கொள்ளட்டும், நீயே எழுதிக் கொடு.

இன்று காலையில் மாடசாமி கடைக்குப் போனேன். அவர் எனக்கு மூத்தவர். இத்தனை வருஷமாக, ஊர்ப் பழக்கத்தில், பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். இன்றைக்கு அண்ணே என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்து. பட்டறைக்குக் கூட்டிவந்தேன். கல்லைக் காட்டுவதற்கு முன்னால் சொல்லிவிட்டேன். "அண்ணே, போன தடவை நான் பொய் சொன்னேன். அது ஒங்க மகன் பேரு இல்ல." அவர் பதறவில்லை. "அது அன்னைக்கே தெரியும் மேஸ்திரி" என்றார். "எனக்குப் படிக்கத்தான் தெரியாது, எண்ணத் தெரியும்லா. நாலு வரிதான இருந்துச்சு? நான் சங்கு ஊதுனது அஞ்சு பேருக்கு." பிறகு ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க தலையைத் திருப்பிக்கிட்டீங்க. பாவம், ஒங்களுக்கும் வேற வழி இல்லன்னு நெனச்சேன்" என்றார்.

அவர் என்னைப் பார்த்துப் பாவம் என்றார். இதை நான் எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? அந்தக் கிழவர் தன் மகனுக்கு இடமில்லாத கல்லைத் தடவி, எனக்காக, என் பொய்க்கு மரியாதை கொடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறார். மறுபடியும் அவர் விரலைப் பிடித்து ஐந்தாவது வரியில் வைத்தேன். அவர் முதலில் மேலேயிருந்து ஒவ்வொரு வரியாக எண்ணினார். அதற்கப்புறம்தான் தடவினார். நான் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

உன் மாமனார் கோபப்படுவார். கல்யாணத்தை நிறுத்திவிடுவேன் என்றும் சொல்வார். நிறுத்தினால் எனக்கு வருத்தம்தான், அந்தப் பெண் நல்ல பெண், அவள் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு பெயர் கூடிவிட்டது என்பதற்காக நின்றுபோகிற கல்யாணம் என்றால் அது எதன் மேல் நின்றுகொண்டிருந்தது என்று நீயும் கொஞ்சம் யோசித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை லாரி வரட்டும். ஏற்றினால் ஏற்றட்டும். வேண்டாம் என்றால் கல் நம் வாசலில் நிற்கும், சந்தில் போகிறவர்கள் படித்துவிட்டுப் போவார்கள். மறுபடியும் இழைக்க என் தோளில் பலம் இல்லை, இருந்தாலும் இழைக்கமாட்டேன். நீ செயலாளர், ஏற்றச் சொல்வதும் இறக்கச் சொல்வதும் உன் வாயில்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளைக்கு முகம் வழிக்க வேண்டும், அது நம் வழக்கம். இங்கே நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் வழித்துவிட்டது மாடசாமி அண்ணன்தான், உனக்கும் அவர்தான் வருவார். இன்று காலையில் போகும்போது அவரே கேட்டுவிட்டுப் போனார், "தம்பிக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்று. அவர் உன் தாடையைப் பிடித்து நிமிர்த்துவார். கத்தி கழுத்தில் இருக்கும்போது உன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. அவர் உன் கண்ணுக்கு நேராகக் குனிந்து நிற்பார். ஞாயிற்றுக்கிழமை லாரிக்காரனிடம் என்ன சொல்லப்போகிறாய் என்பதை, அந்த நாற்காலியில் இப்போதே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு யோசி.

உன் அப்பா